சிங்காரத்தின் தோணியில் ஏறத் தயங்குவோர்க்கு

எல்லோராலும் போற்றப்பட்டுச் சிலரால் மட்டுமே படித்து முடிக்கப்படும் நூல்கள் எந்த மொழியிலும் உண்டு. ஆங்கிலத்தில் மெல்வில் எழுதிய 'மோபி டிக்' அத்தகையது. 1851-இல் வெளிவந்த அந்நாவல், ஆசிரியர் 1891-இல் மறைந்தபோது ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்தது. 1920-களில்தான் வாசகர்கள் அதைத் தேடி எடுத்தனர். தமிழில் அத்தகைய பேறும் பேறின்மையும் ஒருங்கே வாய்த்த நாவல் எதுவென்று கேட்டால், ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யையே நாம் முதலில் சொல்வோம். சிறந்த தமிழ் நாவல்களின் பட்டியல்களில் அதன் பெயர் தவறாமல் இடம்பெறுகிறது. ஆனால் பட்டியலைப் பாராட்டும் நண்பர்களின் வீட்டு அலமாரியில் அந்நூலைப் புரட்டினால், அடையாளத் தாள் நாற்பதாம் பக்கத்தைத் தாண்டியிருப்பது அரிது.

தமிழ் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவர் என்ற முறையிலும், அந்நாவல் பேசுகிற மண்ணிலேயே வாழ்பவர் என்ற முறையிலும் இதுபற்றி நமக்கு ஒரு கருத்து உண்டு. இந்நாவல் கடினமானதுதான்; அதை மறைத்துப் பரிந்துரை செய்வது நேர்மையாகாது. ஆனால் அந்தக் கடினம் ஆசிரியரின் செருக்கினால் விளைந்ததன்று. சொல்ல வந்த பொருளே அவ்வாறு சொல்லப்பட வேண்டியதாக இருந்தது. அதைக் கடந்து செல்வோர்க்குக் கிடைப்பது, குறிப்பாக இந்தச் செட்டிநாட்டுப் பகுதியினருக்குக் கிடைப்பது, வேறெந்த நூலிலும் கிடைக்காதது.

முதலில் ஆசிரியரைப் பற்றிச் சில செய்திகள். ப. சிங்காரம் 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். ஆத்தங்குடியிலிருந்து திருப்பத்தூரைத் தாண்டினால் சிங்கம்புணரி. இன்று இரண்டும் ஒரே சிவகங்கை மாவட்டத்தில் உள்ளன. 1938-இல், பதினெட்டு வயதில், சுமாத்ராத் தீவின் மேடான் நகரிலிருந்த கடையொன்றில் வேலை பார்க்கக் கப்பலேறினார். போர் அவரை அங்கேயே பிடித்துக்கொண்டது. மணந்த மனைவியை அம்மண்ணிலேயே இழந்து, 1946-இல் ஊர் திரும்பினார். மறு ஆண்டு மதுரையில் தினத்தந்தி நாளிதழில் சேர்ந்து, நாற்பது ஆண்டுகள் பணியாற்றி 1987-இல் ஓய்வு பெற்றார். தனியராகவே வாழ்ந்து 1997-இன் இறுதியில் மறைந்தார். அவர் எழுதிய நாவல்கள் இரண்டே. 'கடலுக்கு அப்பால்' கலைமகள் பரிசு பெற்று 1959-இல் வெளியானது. 'புயலிலே ஒரு தோணி' எழுதி முடித்துப் பல ஆண்டுகள் காத்திருந்த பின்னரே 1972-இல் அச்சேறியது. அதன் பிறகு அவர் நாவல் எழுதவில்லை. பின்னாளில் தமிழினி பதிப்பகம் இரு நாவல்களையும் ஒரே தொகுதியாக வெளியிட்ட பிறகுதான் புதிய தலைமுறையினரிடம் அவர் பெயர் பரவலாகச் சென்று சேர்ந்தது.

இனி, நாவலின் கடினங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்போம்.

முதற்கடினம் சொற்கள். நாவல் தொடங்குவதே 'கெர்க் ஸ்ட்ராட்' என்னும் தெருவில். டச்சு மொழியில் அதற்குத் தேவாலயத் தெரு என்பது பொருள். அடுத்தடுத்து மலாய்ச் சொற்களும் சீனச் சொற்களும் வருகின்றன. தொங்கான் என்றும் தவுக்கே என்றும் எவ்வித விளக்கமுமின்றி வந்து நிற்கின்றன. அவற்றோடு கிட்டங்கி, பெட்டியடி, மேலாள், அடுத்தாள் என வட்டித்தொழிலின் சொற்கள். ஆள் பெயருக்குப் பதிலாக முன்னெழுத்துகளைக் கோத்துச் சொல்லும் கடை விலாசங்கள். சென்னையிலோ கோவையிலோ வளர்ந்த வாசகர் இங்கேயே திகைத்து நின்றுவிடுகிறார்.

இரண்டாவது கடினம் காலம். கதைத் தலைவன் பாண்டியன் மேடான் நகரத் தெருவில் நடந்துகொண்டிருக்கும்போதே, அதே பத்தியில், சில சமயம் அதே வாக்கியத்தில், மதுரைக் கடைவீதிக்கும் சிறுவயதுச் சின்னமங்கலத்துக்கும் போய்விடுகிறான். 'அவன் எண்ணிப் பார்த்தான்' என்று கைப்பிடித்து அழைத்துச் செல்லும் வாக்கியம் எதையும் ஆசிரியர் வைப்பதில்லை. சந்தைச் சரக்குகளும் வண்டிகளும் கடைப் பெயர்களும் மனிதர்களும் பேச்சுத் துணுக்குகளும் நீண்ட நிரலாகக் கொட்டுகின்றன.

மூன்றாவது கடினம் பகடி. மது மயக்கத்தில் நண்பர்கள் கூடித் தமிழின் பெருமையை விவாதிக்கும் பகுதிகள் இந்நாவலில் புகழ்பெற்றவை. சங்கப் பாட்டும் காப்பியங்களும் மேடைப் பேச்சும் அங்கே தலைகீழாக்கப்படுகின்றன. மூலத்தை அறியாதவருக்கு அந்தக் கேலியின் கூர்மை முழுதாக எட்டாது. மூலத்தை அறிந்த தமிழாசிரியர்களில் சிலர் கேலியைக் கண்டு முகம் சுளிக்கின்றனர். ஆக, இருவகையினரும் நூலை மூடி வைத்துவிடுகின்றனர்.

இவ்வளவு தடைகள் இருந்தும் ஏன் படிக்க வேண்டும்?

ஆத்தங்குடியைப் பார்க்க ஆண்டுதோறும் எங்கெங்கிருந்தோ மக்கள் வருகின்றனர். எதைப் பார்க்க வருகின்றனர்? பெரிய வீடுகளை. பர்மாத் தேக்குத் தூண்களை, இத்தாலியப் பளிங்கை, பெல்ஜியக் கண்ணாடியை, முகப்பிலிருந்து வளவு வழியே பின்கட்டு வரை நீளும் பார்வையை. எங்கள் ஊரின் பெயராலேயே வழங்கும் பூக்கற்களை. வியந்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். இந்தச் செல்வமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவருக்கு, 'கடல் கடந்த வணிகம்' என்ற ஒற்றைத் தொடர் விடையாகிறது. அத்தொடர் சொல்லாமல் விடுவது மிகுதி.

'கொண்டு விக்கப் போனார்' என்று எங்கள் பகுதி முதியோர் இன்றும் சொல்வதுண்டு. இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சைகோனுக்கும் மேடானுக்கும் அவ்வாறு போனவர்கள் எல்லோரும் முதலாளிகள் அல்லர். முதலாளி ஊரில் இருக்க, அவர் பெயரால் கடையை நடத்திய மேலாள். அவருக்கு அடுத்த நிலையில் அடுத்தாள். அவர்களுக்கும் கீழே எடுபிடி வேலைக்குப் பையன்கள். பொதுவாக மூன்று ஆண்டுக் கணக்கு. சம்பளச் சீட்டு எழுதிக் கொடுத்துக் கப்பலேறியவர், கணக்கை முடித்துக் கொடுத்த பின்பே ஊரைக் காண முடியும். பகலில் பெட்டியடியே அலுவலகம். இரவில் அதே கிட்டங்கித் தரையே படுக்கை. குடும்பத்தை அழைத்துச் செல்லும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. இருபது வயதில் மணம் முடித்துப் போனவன் இருபத்து மூன்றில் திரும்பி வந்து, தன்னை அறியாத குழந்தையைத் தூக்கிக்கொள்வான். செல்வத்தின் கணக்கில் இவை எந்தப் பத்தியில் பதியப்பட்டன?

அந்தச் செல்வம் பிற நாட்டு மக்களுக்கு எவ்வாறு தோன்றியது என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே. பர்மாவை எடுத்துக்கொள்வோம். கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930-இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த செட்டியார்களின் நிலவுடைமை, 1930-களின் இறுதிக்குள் சுமார் 25 விழுக்காடாயிற்று. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை வீழ்ந்தது. கடனைத் திருப்ப முடியாத உழவரின் ஈட்டு நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. நிலம் வேண்டிப் போனவர்கள் அல்லர் அவர்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது பணம். ஆயினும் நிலத்தை இழந்த பர்மிய உழவரின் கண்ணில் அந்த வேறுபாடு தெரிந்திருக்குமா? பின்னர் 1942 வந்தது. சப்பானியப் படை சிங்கப்பூரையும் இரங்கூனையும் சுமாத்ராவையும் அடுத்தடுத்துக் கைப்பற்றியது. மூன்று ஆண்டுகள் புழங்கிய சப்பானிய நோட்டுகள் 1945 ஆகஸ்டில் வெறுங்காகிதமாயின. தலைமுறைகளாகக் கட்டிய கொடுக்கல் வாங்கல் அமைப்பு சில ஆண்டுகளில் சரிந்தது. இன்று நாம் வியந்து பார்க்கும் வீடுகளில் பல, அந்தச் சரிவுக்குப் பின் புதிதாக ஒரு தூண்கூட நடப்படாத வீடுகள்.

இந்தச் சரிவின் நடுவில் நின்று எழுதப்பட்டது 'புயலிலே ஒரு தோணி'. 1942 மார்ச்சில் சப்பானியர் மேடானுக்குள் நுழைவதை வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் ஒருவனாகப் பாண்டியன் நமக்கு அறிமுகமாகிறான். பின்னர் சரக்கோடு தொங்கானில் ஏறிப் பினாங்குக்குப் போகிறான். நடுக்கடலில் புயல் பிடித்துக்கொள்கிறது. அதன் பின் இந்தியத் தேசிய இராணுவம், உளவு, கொலை, மீண்டும் சுமாத்ரா, டச்சுக்காரரை எதிர்த்த இந்தோனேசியரின் போர் என்று கதை விரிகிறது. முடிவை இங்கே சொல்லப் போவதில்லை. படித்தறிய வேண்டியது அது. நாம் சுட்ட விரும்புவது ஒன்றே. வீடுகளைக் கட்டியவர்கள் முதலாளிகள். ஆகவே வீடுகள் முதலாளிகளின் கதையைச் சொல்கின்றன. கிட்டங்கித் தரையில் படுத்துறங்கியவனுக்கு வீடும் இல்லை, பட்டியக்கல்லில் பொறித்த பெயரும் இல்லை. அவனுக்கென்று எஞ்சியிருப்பது இந்த நாவல் ஒன்றுதான். கடைச் சிப்பந்தியாகக் கப்பலேறிய ஒருவர் எழுதியதாலேயே அது அவ்வாறு அமைந்தது.

இந்த இடத்தில் சொற்களின் கடினத்தை மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். மேடானில் வாழ்ந்த தமிழ் இளைஞன் ஒருவன் காலையில் கிட்டங்கித் தமிழில் கணக்குப் பேசி, கடைவீதியில் மலாயில் பேரம் பேசி, சீன வணிகரை அவர் மொழி முறையால் விளித்து, டச்சுப் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டு வீடு திரும்பினான். அவன் தலைக்குள் இருந்த மொழியை எவ்வாறு தூய, ஒரே சீரான உரைநடையில் எழுதுவது? எழுதியிருந்தால் அது எளிதாக இருந்திருக்கும்; பொய்யாகவும் இருந்திருக்கும். நினைவு ஓட்டமும் அவ்வாறே. சுமாத்ராவில் நடந்துகொண்டு மதுரையில் வாழ்வதுதான் புலம்பெயர்ந்தவனின் அன்றாடம். துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் நம் மாணவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

சொற்களைப் பற்றி இன்னொன்றும் உண்டு. முதுகலைத் தமிழ் படித்தவர் அகராதியைத் தேடும் இடங்களில், எங்கள் ஊரின் எண்பது வயது முதியவர் தடையின்றிப் பொருள் சொல்வார். பெட்டியடி என்றால் என்ன, கிட்டங்கிக்குள் யார் எங்கே அமர்வர், விலாசம் எப்படி எழுதப்படும் என்பதெல்லாம் அவர்கள் தந்தையர் வாயால் கேட்டு வளர்ந்தவை. அத்தகைய முதியோர் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர். காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனால், பெயர்த்தெடுத்த கதவு நிலைகளும் தூண்களும் விலைக்கு நிற்பதைக் காணலாம். வாங்கிப் போனவர் கூடத்தில் அந்தத் தூண் அழகாகவே நிற்கும். ஆனால் அது யாருடைய உழைப்பின் தூண் என்று சொல்ல அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். சொற்களுக்கும் அதே கதி நேராமல் இருக்க வேண்டுமென்றால், அவை உயிரோடு புழங்கும் ஒரு நூலுக்குள் அவை இருக்க வேண்டும், அந்நூல் படிக்கப்படவும் வேண்டும்.

பகடியைப் பற்றியும் ஒரு சொல். தமிழைப் பழிக்கிறார் என்று சிங்காரத்தின் மீது சிலர் குறை கூறுவர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. மூலங்களில் இவ்வளவு தோய்ந்தவரால்தான் இவ்வாறு கேலி செய்ய முடியும். அவர் கேலி செய்வது இலக்கியத்தை அன்று. படிக்காமலேயே அதைப் பெருமைக்குப் பயன்படுத்தும் பழக்கத்தை. குண்டு விழும் நகரத்தில் உட்கார்ந்துகொண்டு முன்னோர் வீரத்தைப் பேசுவதில் உள்ள முரணை அவர் காட்டுகிறார். தமிழ் கற்பிப்போர் இந்தக் கேலியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வகுப்பில் மாணவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, 'எந்தப் பாட்டை இங்கே திருப்பிப் போடுகிறார், தேடுங்கள்' என்றால், அவர்கள் மூலத்தைத் தாமே தேடிப் போவார்கள்.

குறைகளே இல்லாத நாவல் என்று நாம் சொல்லவில்லை. பின்பாதியில் உளவும் பழிவாங்கலும் வரும் சில பகுதிகள் துப்பறியும் கதையின் வேகத்துக்கு இறங்கிவிடுகின்றன. பாண்டியனின் திறமைக்கு எதுவும் தடையாக நிற்காத இடங்களில் நம்பகம் தளர்கிறது. பெண்கள் பெரும்பாலும் ஆண்களின் நினைவிலும் வேட்கையிலும் நிழலாகவே வந்து போகின்றனர். மூன்று ஆண்டுக் கணக்கை ஊரில் இருந்து எண்ணிக் கழித்த ஆச்சிமாரின் கதையை இந்நாவலில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அந்த நாவல் இனிமேல்தான் எழுதப்பட வேண்டும். ஆனால் இக்குறைகள் எல்லாம் நூலைப் படித்து முடித்தவர் பேச வேண்டியவை. படிக்காமலிருக்க அவற்றைக் காரணமாக்குவது பொருந்தாது.

நண்பர்கள் சிலர் இதற்கொரு வழி சொல்கின்றனர்: அயற்சொற்களை நீக்கி, நினைவுப் பகுதிகளைக் குறைத்து, மாணவர்க்கென்று ஒரு சுருக்கப் பதிப்பு கொண்டுவரலாம் என்பது அவர்கள் கருத்து. நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதே எனினும் நாம் இதை ஏற்பதற்கில்லை. சுருக்கினால் எஞ்சுவது எது? புயல், போர், கொலை. அவ்வளவும் வேறு நூல்களிலும் கிடைப்பவை. வெட்டப்படுவது எது? சின்னமங்கலத்துச் சந்தை, மதுரைத் தெருக்கள், கிட்டங்கிப் பேச்சு. வேறெங்கும் கிடைக்காதவை அவைதான். வேண்டுமானால் நூலின் இறுதியில் ஒரு சொல்லடைவும் மலாக்கா நீரிணையின் வரைபடமும் சேர்க்கலாம். அதற்குமேல் நூலின் உடலில் கை வைப்பது தகாது.

எனவே, தொடங்கித் தொடங்கி விட்டவர்களுக்கு நம் அனுபவத்தில் பயன்பட்ட சில வழிகளைச் சொல்கிறோம். முதலில் 'கடலுக்கு அப்பால்' படியுங்கள். பினாங்கு வட்டிக்கடை முதலாளியின் மகள் மரகதத்துக்கும், போர்முனையிலிருந்து மீண்ட கடை ஊழியன் செல்லையாவுக்கும் இடையிலான எளிய, துயரமான கதை அது. கிட்டங்கி உலகின் நடைமுறைகளெல்லாம் அதில் நேர்வழியில் அறிமுகமாகிவிடும். அடுத்து, 'புயலிலே ஒரு தோணி'யின் முதல் சில இயல்களை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குக் குழப்பமாகத் தெரியும் வாக்கியங்கள் காதுக்குப் பேச்சாகக் கேட்கும். தெரியாத சொல்லில் நிற்க வேண்டாம்; நான்காம் முறை வரும்போது இடம் அதன் பொருளைச் சொல்லிவிடும். மேடான், பெலாவான், பினாங்கு மூன்றையும் ஒரு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நாளுக்குப் பத்துப் பக்கம் போதும். இருவர் மூவராகச் சேர்ந்து படித்தால் இன்னும் நன்று. அவர்களுள் ஒருவர் முதியவராக இருந்தால் மிக நன்று.

எங்கள் ஊர்ப் பூக்கல் செய்யப்படும் முறை இந்நூலைப் பற்றி எண்ணும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது. கண்ணாடித் தகட்டின் மீது சட்டத்தை வைத்து, வண்ணக் குழம்பைக் கையால் ஊற்றிப் பூ வரைவர். அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரச் சாந்தை நிரப்பி மூடுவர். அந்த நிலையில் பார்ப்பவருக்குத் தெரிவது சாம்பல்நிறச் சாந்து மட்டுமே. பூ கீழே கண்ணாடியை நோக்கிக் கவிழ்ந்து கிடக்கும். சூளையில் சுடுவதில்லை. சில நாட்கள் நீரில் ஊற வேண்டும். அதன் பின் திருப்பிக் கண்ணாடியை எடுத்தால்தான் வண்ணம் தெரியும். பதித்த பின்னரோ, துடைக்கத் துடைக்க, கால் படப்பட மெருகேறும். சிங்காரத்தின் நாவலை நாற்பதாம் பக்கத்தில் மூடி வைத்தவர்கள், திருப்பாத கல்லின் முதுகைப் பார்த்துவிட்டுப் போனவர்கள்.

கற்பிப்போருக்கு ஒரு வேண்டுகோள். இந்நாவலிலிருந்து ஓர் இயலை மட்டும் கிள்ளிப் பாடமாக வைப்பதைவிட, ஒரு பருவம் முழுவதும் இந்த ஒரு நூலையே எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டில், தம் தெருவில், கடல் கடந்து போன ஒருவரின் பெயரையும் போன ஊரையும் கேட்டுவந்து நூலின் ஓரத்தில் எழுதட்டும். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் அத்தகைய பெயர் இல்லாத தெரு அநேகமாக இராது. முதலாளியின் பெயர் எளிதில் கிடைத்துவிடும். அவருடைய கடையில் அடுத்தாளாக இருந்தவரின் பெயரைக் கேட்டுவரச் சொல்லுங்கள். அதைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டாக வேண்டும்.